காற்றடித்தால் இன்ஜின் ஏன் குரல் மாறுகிறது? கண்ட்ரோல் லைன் விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ட்ரோல் லைன், அதாவது கம்பியில் கட்டிய மாதிரி விமானம், பறக்கவிடுகிறவர்கள் காற்று நாளில் சொல்லும் புகார் ஒன்றே ஒன்றுதான்: "நேத்து நல்லா ஓடுச்சு, இன்னைக்கு இன்ஜின் சரியில்லை." பத்தில் எட்டு முறை இன்ஜின்மேல் தவறே இருக்காது. இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் புரொப்பெல்லரும் பின்னால் இருக்கும் எரிபொருள் டேங்க்கும்தான் காற்றை உணர்கின்றன. இன்ஜின் அவை சொல்வதைக் கேட்டு நடக்கிறது. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் ஸ்டன்ட் எனப்படும் சாகசப் பறப்புக்கானவை, ஏனென்றால் காற்றின் தொல்லை அதில்தான் அதிகம்.

கண்ட்ரோல் லைன் என்றால் என்ன? ரிமோட் விமானம்தானே?

இல்லை. பறக்கவிடுகிறவர் நடுவில் நிற்பார். கையில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், மறுமுனையில் விமானம். அது அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோல் திரும்பி, வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற மடலை அசைக்கும். ஏறுவது, இறங்குவது, லூப் (செங்குத்து வட்டம்) அடிப்பது எல்லாம் இந்த ஒற்றை அசைவில்தான். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துக்காரர் ஜிம் வாக்கர் 1940-களில் இதை 'யூ-கண்ட்ரோல்' என்ற பெயரில் பரப்பினார்.

இன்ஜினுக்கு வழக்கமாகத் த்ராட்டில் கிடையாது. எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் நீடில் வால்வைத் தரையில் திருகி வைப்பதுதான் கடைசி வாய்ப்பு. விமானம் கையை விட்டுப் போன பிறகு எரிபொருள் தீரும்வரை அது வைத்ததுதான் சட்டம். காற்று பெரிய விஷயமாவது அதனால்தான்.

நீங்கள் சொல்லும் கணக்குகள் எந்த விமானத்துக்கு?

ஒரு நடுத்தர ஸ்டன்ட் விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். எடை 1.7 கிலோ. கையிலிருந்து விமானத்தின் நடு வரை ஏறக்குறைய 20.4 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5.2 நொடி. அப்படியென்றால் வேகம் நொடிக்கு 24.6 மீட்டர், மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர். வட்டத்தில் சுற்றுவதால் அதன்மேல் 3 ஜி, அதாவது அதன் எடையைப்போல் மூன்று மடங்கு அளவுக்கு வெளிநோக்கிய இழுப்பு இருக்கும். கையில் 5 கிலோ தொங்குவதுபோல் தெரியும். காற்று நொடிக்கு 6 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் எதிரே போனால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க வேண்டிய காற்று.

ஒரே சுற்றுக்குள்ளேயே இன்ஜின் சத்தம் ஏறி இறங்குகிறதே, ஏன்?

தரையில் ஒரு கடிகாரம் வரைந்து அதன் நடுவில் நில்லுங்கள். காற்று 12-லிருந்து 6-ஐ நோக்கி வீசுகிறது. விமானம் வழக்கம்போல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது: 12, 9, 6, 3, மறுபடி 12.

9 மணி இடத்தில் காற்று வாலில் படும். 6-ல் காற்று விமானத்தை உங்களிடமிருந்து வெளியே தள்ளும், கம்பி விறைக்கும். 3-ல் நேர் எதிர்காற்று. 12-ல் காற்று விமானத்தை உங்களை நோக்கி உள்ளே தள்ளும்.

புரொப்பெல்லருக்குத் தரை வேகம் தெரியாது, காற்று வேகம் மட்டும்தான் தெரியும். தரை வேகம் மாறாமல் இருந்தால் 3-ல் அது 30 மீட்டர் வேகத்தில் காற்றுக்குள் போகிறது, 9-ல் 19 கூட இல்லை. காற்று வேகம் கூடினால் பிளேடுக்குச் சுமை குறையும், இன்ஜின் இலகுவாகி ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஏறும். 9-ல் அதற்கு நேர்மாறு: பிளேடு காற்றைக் கடித்து இழுக்க வேண்டியிருக்கும், ஆர்பிஎம் இறங்கும். நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கத்தின் முதல் பங்கு இதுதான்.

இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் விமானம் வேகத்தை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 6-லிருந்து 12 வரை அரைச் சுற்று முழுக்க எதிர்காற்று அதைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. ஆகவே தரை வேகம் மிகக் குறைவாக இருப்பது 3-ல் அல்ல, 12-ஐ நெருங்கும்போது. அதே இடத்தில்தான் காற்று விமானத்தை உள்ளே தள்ளுகிறது. கம்பி தளரும் விபத்துகள் எப்போதும் காற்று வருகிற பக்கத்தில் நடப்பது இப்படித்தான்.

வட்டத்துக்கு வெளியே நிற்கும் நண்பர், "உன் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குது" என்கிறார். எனக்கு அப்படிக் கேட்கவில்லையே?

உங்கள் காதையே நம்புங்கள். விமானம் அவரை நோக்கி வரும்போது ஒலி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். ரயில் விசிலில் கேட்கிற அதே டாப்ளர் விளைவு. நம் விமானத்தின் வேகத்துக்கு இந்த மாற்றம் இரு பக்கமும் ஏறக்குறைய 7 சதவீதம், சங்கீதக் காதுக்கு அரை ஸ்வரத்துக்கும் கொஞ்சம் மேலே. நடுவில் நிற்கிற உங்களுக்கோ விமானம் எப்போதும் அதே தூரத்தில். டாப்ளர் கிட்டத்தட்ட இல்லை. எனவே உங்கள் காதுக்கு மாறுவது நிஜமாகவே மாறுகிறது.

இதை ஒரு கருவியாகவே பயன்படுத்தலாம். சட்டைப் பையில் போனை ஒலிப்பதிவில் போட்டுவிட்டுப் பறக்கவிடுங்கள். வீட்டுக்கு வந்து அலைவரிசை காட்டும் ஏதாவது செயலியில் பாருங்கள். 10,000 ஆர்பிஎம் என்றால் 167 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு தெரியும். இரட்டை பிளேடு புரொப்பெல்லரின் சத்தம் அதன் இரு மடங்கில், 333-ல். அதற்குக் கீழே 83-ல் ஒரு கோடு முளைத்தால் இன்ஜின் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக), ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிகிறது என்று பொருள்.

ரிச், லீன், 4-2-4 என்கிறார்களே?

எரிபொருள் கூடுதலாகப் போனால் ரிச், குறைவாகப் போனால் லீன். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் எரிய வேண்டும், அது 'டூ'. ரிச்சாக வைத்தால் சில சுற்றுகளைத் தவறவிட்டு, கனத்த குரலில் 'பட பட' என்று ஓடும். இதை நம் ஆட்கள் 'ஃபோர்' அடிக்கிறது என்பார்கள். (வால்வு வைத்த நிஜமான ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வேறு. பெயர்க் குழப்பம் பழகிவிடும்.)

1940-களின் இறுதியில் வந்த ஃபாக்ஸ் 35 ஸ்டன்ட் இன்ஜின் ஒரு தலைமுறைக்கே இந்த ஓட்டத்தைக் கற்றுக்கொடுத்தது. சமமாகப் பறக்கும்போது 'ஃபோர்'. மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், சுமை கூடும். பின்னால் இருக்கிற டேங்க்கிலிருந்து எரிபொருள் மேலே ஏற வேண்டியிருப்பதால் கொஞ்சம் லீனாகும். உடனே 'டூ'-வுக்குத் தாவிப் பலம் கொடுக்கும். சமத்துக்கு வந்ததும் மறுபடி 'ஃபோர்'. இதுதான் 4-2-4. த்ராட்டில் இல்லாத இன்ஜின் தானாகவே த்ராட்டில் போட்டுக்கொள்கிறது. அழகான ஏற்பாடு, ஆனால் கத்திமுனையில் நிற்கிற ஏற்பாடு. எரிபொருள் அளவில் சிறு மாற்றம் வந்தாலும் வேண்டாத இடத்தில் 'டூ'-வுக்குத் தாவிவிடும். அந்தச் சிறு மாற்றத்தைத்தான் காற்று கொண்டுவருகிறது.

எப்படிக் கொண்டுவருகிறது? டேங்க் மூடித்தானே இருக்கிறது?

முழுக்க மூடியிருக்காது. எரிபொருள் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர டேங்க்கில் ஒரு வென்ட் குழாய் இருக்கும். பலர் அதன் வாயைக் காற்றை எதிர்நோக்கி வளைத்துவிடுவார்கள், முன்னேறும் வேகத்தில் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கட்டும் என்று. அமைதியான நாளில் அது நல்ல யோசனைதான்.

எவ்வளவு அழுத்தம் என்று பார்ப்போம். நொடிக்கு 24.6 மீட்டரில் முட்டும் காற்று சுமார் 360 பாஸ்கல் தரும். ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயர எரிபொருள் தூண் தரும் அழுத்தத்துக்குச் சமம். 6 மீட்டர் எதிர்காற்றில் அது ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் போகும். பின்காற்றில் இரண்டரைக்கு இறங்கும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் மாறுவதால்தான் இவ்வளவு ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் யாரோ உங்கள் டேங்க்கை 4 சென்டிமீட்டர் தூக்கித் தூக்கி இறக்குவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கை 3 மில்லிமீட்டர் உயர்த்தவா தாழ்த்தவா என்று நாம் அடித்துக்கொள்கிறோம்!

வென்ட் புரொப்பெல்லர் காற்றோட்டத்துக்குள் இருந்தால் எண்கள் மாறும். போக்கு மாறாது.

எனக்கே இது நடந்தது. ஒரு நாள் மாலை முழுக்க நீடிலை அரை க்ளிக் இந்தப் பக்கம், அரை க்ளிக் அந்தப் பக்கம் என்று திருகிக்கொண்டிருந்தேன். எதிர்காற்றில் கொழகொழவென்று ரிச், பின்காற்றில் சீறிக்கொண்டு லீன். கடைசியில் வென்ட் குழாயின் வாயில் ஒரு துண்டு சிலிகான் குழாயை மாட்டி அதன் முனையை இன்ஜின் மூடிக்குள், காற்று நேராக அடிக்காத இடத்தில் விட்டேன். நீடிலைப் புதிதாக வைக்க வேண்டியிருந்தது, ஆனால் அதன் பிறகு சுற்று முழுக்க ஒரே குரல்.

மஃப்ளர் அழுத்தம் வைத்தால்?

நல்லது. வென்ட்டை மஃப்ளரோடு, அதாவது புகைபோக்கும் சைலன்சரோடு, இணைத்தால் வெளிக்காற்று முட்டுவது நின்றுவிடும். ஆனால் இன்ஜின் வேகம் கூடினால் மஃப்ளர் அழுத்தமும் கூடும், எரிபொருளும் கூடும். அது பெரும்பாலும் சாதகமே. 4-2-4 தாவலை மிருதுவாக்கிவிடுகிறது என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

யூனிஃப்ளோ டேங்க் வைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பிரச்சினை வராதுதானே?

யூனிஃப்ளோ தீர்ப்பது வேறொரு பிரச்சினையை. சாதாரண டேங்க்கில் எரிபொருள் குறையக் குறைய அதன் மட்டம் வெளிச் சுவரை நோக்கி நகரும், அழுத்தம் குறைந்து பறப்பின் இறுதியில் இன்ஜின் லீனாகும். யூனிஃப்ளோவில் வென்ட் குழாயின் உள்முனை, எரிபொருள் எடுக்கும் குழாயின் முனைக்கு அருகிலேயே திறக்கும். அதனால் டேங்க் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் இன்ஜினுக்கு ஒரே அழுத்தம். ஆனால் அந்த வென்ட்டின் வெளிமுனை காற்றை எதிர்நோக்கி இருந்தால் முட்டுகிற அழுத்தம் அப்படியே உள்ளே வரும். இன்னொன்று: நிரப்பிய பிறகு மற்ற வழிகிற குழாயை அடைக்க மறந்தால் அது யூனிஃப்ளோவே இல்லை. காற்று நாளில் தொப்பி பறந்துபோய்விட்டது என்று அடைக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேங்க் இன்ஜினுக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால்?

பலகை உடம்பு விமானங்களில், அதாவது ப்ரொஃபைல் மாடல்களில், டேங்க் வட்டத்தின் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எரிபொருள் எடுக்கும் முனை, இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் ஸ்ப்ரே பாரைவிட 4 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநோக்கிய 3 ஜி-யை எதிர்த்து எரிபொருள் உள்ளே வர வேண்டும். 4 சென்டிமீட்டர் என்பது 12 சென்டிமீட்டர் ஏறுவதற்குச் சமம். வேகம் 10 சதவீதம் கூடினால் அது பதினான்கரை ஆகும், குறைந்தால் பத்துக்குக் கீழே வரும்.

இதன் விளைவு விஷமத்தனமானது. காற்று விமானத்தை வேகமாக்கினால் இன்ஜின் லீனாகிறது, லீனானால் 'டூ'-வுக்குத் தாவிப் பலம் கூடுகிறது, வேகம் இன்னும் கூடுகிறது. பிரேக் போட வேண்டிய நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல. டேங்க்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே தள்ளிப் பொருத்துவதே வைத்தியம். பலகையில் டேங்க் அளவுக்குப் பள்ளம் வெட்டிப் பதிப்பவர்கள் உண்டு.

எந்தக் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனியுங்கள். 3-ல் ரிச், 9-ல் லீன் என்றால் வென்ட். விமானம் வேகமாகப் போகிற 6-க்கு அருகே லீன், 12-க்கு அருகே ரிச் என்றால் டேங்க் வெளியே தள்ளி இருக்கிறது. ரிச், லீன் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் மெல்ல ஏறி இறங்கினால் அது வெறும் புரொப்பெல்லர் சுமை, இயல்பானது, விட்டுவிடுங்கள். நேராகவும் தலைகீழாகவும் பறக்கும்போது சுற்று நேரம் வேறுபட்டால் அது டேங்க் உயரம். அதை அமைதியான நாளில் முதலில் சரி செய்துவிட்டுப் பிறகு காற்றைக் குறை சொல்லலாம்.

லூப் அடிக்க அடிக்க விமானம் வெறி பிடித்ததுபோல் வேகமெடுக்கிறது. இன்ஜின் லீனாகிவிட்டதா?

காற்று நாளில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். முதல் லூப் சாதாரணம், இரண்டாவது வேகம், மூன்றாவதில் கை பிய்ந்துகொண்டு போகும். இன்ஜினை நிறுத்திவிட்டாலும் கொஞ்ச நேரம் இது நடக்கும் என்பதே இன்ஜின் காரணமில்லை என்பதற்குச் சான்று. ஆற்றலைக் கொடுப்பது காற்று.

சாகசங்களைக் காற்று போகிற பக்கத்தில், 6 மணியை மையமாக வைத்துத்தான் செய்கிறோம். விமானம் ஓடுவது ஓர் அரைக்கோளத்தின் மேற்பரப்பில். தரையருகே, கம்பி கிடையாக இருக்கும்போது, காற்று கம்பியின் நீளவாக்கில் வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். மேலே 45 பாகையில் கம்பி சாய்ந்திருக்கும்போது அதே காற்றில் ஒரு பங்கு அரைக்கோளத்தின் சரிவோடு கீழ்நோக்கித் தள்ளும். அதாவது லூப்பின் உச்சியில் 'கீழ்நோக்கிய காற்று' பலமாகவும் அடியில் அநேகமாக இல்லாமலும் இருக்கிறது.

இப்போது இறக்கையின் தூக்குவிசையைப் பாருங்கள். அது எப்போதும் லூப்பின் மையத்தை நோக்கியே இழுக்கும். உச்சியில் மையம் கீழே, காற்றும் கீழே தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் காற்று விமானத்துக்கு ஆற்றல் தருகிறது. அடியில் மையம் மேலே, காற்றுக்கு எதிர்த்திசை, ஆகவே ஆற்றலைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே அந்தக் காற்றுப் பங்கு மிகச் சிறியது. வாங்கியது அதிகம், கொடுத்தது கொஞ்சம். ஒவ்வொரு லூப்பிலும் மிச்சம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஊஞ்சலில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சரியான நேரத்தில் ஒரு தள்ளு கொடுப்பதுபோல. தென்கடலில் ஆல்பட்ராஸ் பறவைகள் இறக்கையை அசைக்காமல் நெடுந்தூரம் போவதும் உயரத்துக்கு உயரம் மாறும் காற்றிலிருந்து ஆற்றல் எடுத்துத்தான்.

சரி, இன்ஜினுக்கு இதில் என்ன வேலை? பிரேக்காக இருப்பது. விமானம் வேகமெடுத்தால் புரொப்பெல்லர் சுமை குறையும். அப்போது நல்ல ஏற்பாட்டில் இருக்கும் இன்ஜின் 'ஃபோர்'-க்குத் திரும்பித் தளர வேண்டும். லீனாக வைத்த இன்ஜின் 'டூ'-விலேயே நின்று எரியும், காற்று கொடுத்த வேகத்தோடு தன் வேகத்தையும் சேர்க்கும். ஆக, வெறிக்குக் காரணம் இன்ஜின் இல்லை, ஆனால் வெறியை அடக்குவதும் ஏற்றுவதும் அதன் கையில்.

அப்படியானால் காற்றுக்கு எந்த இன்ஜின் நல்லது?

பழைய 4-2-4 இன்ஜின்கள் அமைதியான மாலையில் கேட்க இனிமை. பலமான காற்றில் அவற்றின் தாவல் சில சமயம் தப்பான இடத்தில் வரும். 1980-களில் ட்யூன்டு பைப் ஸ்டன்டுக்குள் வந்தது இந்தக் குறைக்கு மாற்றாகத்தான். குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டிய அந்தப் புகைக்குழாய் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்-இல்தான் இன்ஜினுக்குக் கைகொடுக்கும். ஆர்பிஎம் அதைத் தாண்டினால் உதவியை நிறுத்திக்கொள்ளும், சுமை ஏறினால் பலம் தரும். கிட்டத்தட்ட வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கவர்னர் கருவி. கூடவே பிட்ச் (ஒரு சுழற்சியில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லரை வேகமாகச் சுழற்றலாம். விமானம் கூடுதல் வேகமெடுத்தால் அந்தத் தட்டையான பிளேடுகளே காற்றில் தடையாக நின்று பிடித்து இழுக்கும்.

சாய்டோ போன்ற நிஜ ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கும் விசுவாசிகள் உண்டு. எரிபொருள் குறைவு, இழுவை சீராக இருக்கும். இப்போது போட்டிகளில் மின்மோட்டார் நிறைய வந்துவிட்டது. அதன் கட்டுப்பாட்டுச் சுற்று ஆர்பிஎம்-ஐ மாறாமல் பிடித்து வைக்கும். வென்ட், டேங்க், நீடில் எந்தத் தலைவலியும் இல்லை. விளக்கெண்ணெய்ப் புகை வாசனையும் இல்லை, அதுதான் என் வருத்தம்.

புரொப்பெல்லரை மாற்றினாலே போதுமா?

பல நேரம் போதும். வழக்கமாக 10-க்கு 6 (விட்டம் 10 அங்குலம், பிட்ச் 6 அங்குலம்) போடுகிற இன்ஜினில் 10-க்கு 5 போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம் கூடும், லூப்பில் வெறியெடுப்பது குறையும். சுற்று நேரம் மாறுவதால் நீடிலைப் புதிதாக வைக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

காற்று நாளில் நீடிலை எப்படி வைப்பது?

முதலில், ஒவ்வொரு முறையும் விமானத்தின் மூக்கை ஒரே திசையில் வைத்து ஆர்பிஎம் பாருங்கள். எதிர்காற்றில் நிறுத்தினால் புரொப்பெல்லருக்குச் சுமை குறைந்து டாக்கோமீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ரிச்சாக்கினால் வானத்தில் விமானம் நொண்டும். டாக்கோமீட்டரைவிட நிறுத்துக்கடிகாரம் நேர்மையானது. பத்துச் சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள். ஒற்றைச் சுற்றைக் காற்று நாளில் நம்ப முடியாது.

எவ்வளவு வைப்பது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, லூப்பில் வெறியெடுக்காமல் இருக்கக் கொஞ்சம் ரிச்சாக, மெதுவாக வை என்கிறது. இன்னொரு கட்சி, தலைக்கு மேலேயும் 12 மணியிலும் கம்பி தளராமல் இருக்கக் கொஞ்சம் வேகமாக வை என்கிறது. நான் இரண்டாவது கட்சி, ஆனால் வேகத்தை நீடிலால் அல்ல, புரொப்பெல்லரால் வாங்குவேன். மெதுவான விமானம் அரைக்கோளத்தின் உச்சியில் நிற்கும்போது வருகிற பயம் ஒரு முறை பட்டால் போதும்.

காற்று வருகிற பக்கத்தில் இன்ஜின் தளர்ந்து கம்பி தொய்ந்தால் என்ன செய்வது?

யோசிக்காமல் பின்னோக்கி ஓடுங்கள். இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் போவதால் சரிவு கடுமையாக இருக்கும்: 24.6 மீட்டரில் 5 கிலோவாக இருந்தது 20 மீட்டரில் மூன்றரைக்கும் கீழே இறங்கிவிடும், அதிலிருந்து உள்ளே தள்ளும் காற்றையும் கழிக்க வேண்டும். கம்பி தொய்ந்தால் எலிவேட்டர் உங்கள் பேச்சைக் கேட்காது. இரண்டு எட்டு பின்னால் வைத்தால் கம்பி விறைத்து உயிர் வரும். அந்தப் பக்கத்தில் அதிக உயரமும் வேண்டாம், வித்தையும் வேண்டாம்.

எங்கிருந்து எழும்ப வேண்டும், எங்கே இறங்க வேண்டும்?

காற்று வாலில் படுகிற 9 மணிக்கு அருகிலிருந்து, அல்லது அதைச் சற்றுத் தாண்டி விடச் சொல்லுங்கள். வேகம் சேரும் முதல் அரைச் சுற்று முழுக்கக் காற்று கம்பியை விறைப்பாக வைத்திருக்கும். 12-க்கு வருவதற்குள் முழு வேகம் வந்துவிடும்.

இறங்குவது அவ்வளவு நம் கையில் இல்லை. எரிபொருள் தீரும் முன் இன்ஜின் ஓரிரு சுற்று லீனாகிக் கூவும், அதுதான் எச்சரிக்கை. நின்றதும் விமானம் 3 மணியில் இருந்தால் எதிர்காற்று மிச்ச வேகத்தைத் தின்றுவிடும். கையால் இழுத்து நடந்து, 12-ஐத் தாண்டவைத்து, காற்று போகிற பக்கத்தில் தரையைத் தொடவைக்கப் பாருங்கள்.

எங்கள் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் டீசல் இன்ஜின் தந்தார்கள். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்து ஓடும் அந்தச் சிறு டீசல்களில் க்ளோ ப்ளக் (சூடான கம்பிச் சுருளால் எரியவைக்கும் ப்ளக்) இல்லை, அழுத்தத்தாலேயே எரியும். நீடிலோடு அழுத்தத் திருகும் இருப்பதால் கெடுக்க இரண்டு இடம். ரிச்சானாலும் க்ளோ இன்ஜின்போலப் பளிச்சென்று 'ஃபோர்'-க்குத் தாவாமல் மெல்லத் தளரும், அதனால் காற்றில் கொஞ்சம் நிதானமானது என்பது என் அனுபவம். வென்ட், டேங்க் விஷயம் எல்லாம் அதேதான். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் பால்சா மரத்தைப் பறக்கவிடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

நம் பக்கத்து மைதானங்களில் காற்றோடு புழுதியும் வரும். இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெஞ்சுரி வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுங்கள். கட்டிய பிறகு நீடில் வையுங்கள், முன்பு அல்ல. வலையும் காற்றோட்டத்தை மாற்றும்.

லூப்பில் ஒரு கணம் இன்ஜின் ஏப்பம் விடுவதுபோல் விக்குகிறது. அதுவும் காற்றாலா?

அநேகமாக இல்லை. ஃபாக்ஸ் 35-இன் ஏப்பம் உலகப் புகழ் பெற்றது, இலை அசையாத நாளிலும் வரும். டேங்க்கில் எரிபொருள் நுரைக்கிறதா, குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காம்பாட் (சண்டைப் போட்டி), ஸ்பீட் (வேகப் போட்டி) விமானங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?

காம்பாட்டில் நெடுங்காலமாக ரப்பர் பையில் எரிபொருளைப் பீய்ச்சி நிரப்பி அதன் சுருங்கும் அழுத்தத்தால் இன்ஜினுக்கு ஊட்டுகிறார்கள். அந்த அழுத்தத்துக்கு முன்னால் வென்ட்டில் முட்டும் சில நூறு பாஸ்கல் ஒன்றுமேயில்லை. ஸ்பீட் விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் போகிறது, 22 கிலோமீட்டர் காற்று அதற்கு விகிதத்தில் சிறியது.

எவ்வளவு காற்றுக்கு மேல் பறக்கவிடக் கூடாது?

எண்ணைவிட இடம் முக்கியம். அமெரிக்கத் தேசியப் போட்டிகள் நடக்கும் இந்தியானா மாநிலத்து மன்சி மைதானம் நாலா பக்கமும் திறந்த வெளி. காற்று பலமாக இருந்தாலும் ஓரளவு சீராக வரும், பழகியவர்கள் சமாளிப்பார்கள். அதில் பாதிக் காற்று மரவரிசைக்கும் கட்டடத்துக்கும் பின்னால் சுழன்று வந்தால் அனுபவசாலியும் விமானத்தைப் பெட்டியில் வைத்துவிடுவார். நான் பார்ப்பது இவ்வளவுதான்: கைக்குட்டையைத் தலைக்கு மேல் பிடித்து ஒரு நிமிடம் நிற்பேன். ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால் வென்ட்டை மூடிக்குள் திருப்பிவிட்டு, பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் போட்டுப் பறக்கவிடுவேன். திசை மாறி மாறிச் சுற்றினால் அன்றைக்கு டேங்க்கைக் கழுவுகிற வேலை.